குமரி மாவட்டத்தில் முதுமை ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கலாமா?

தோவாளைக்காரன்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதுமையை மெதுவாக்க முடியுமா என்ற கேள்வி இப்போது சாமியார்களிடமும் அழகு கிரீம் விளம்பரங்களிலும் மட்டும் இல்லை. 1993-ல் சிந்தியா கென்யனின் ஆய்வகம், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் ஒரே ஒரு மரபணு மாறினால் அதன் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று காட்டியது. அன்று தொடங்கிய ஓட்டம் இன்னும் நிற்கவில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே கூட்டம் சேர்ந்திருக்கிறது. மெத்தூசலா ஃபவுண்டேஷன் 2003-ல் எலியை அதிக நாள் வாழவைக்கிறவருக்குப் பரிசு என்று அறிவித்தது. அமெரிக்காவில் டாக் ஏஜிங் ப்ராஜெக்ட்டில் வீட்டு நாய் வளர்ப்பவர்களே தங்கள் நாயைப் பதிவு செய்து வருடாவருடம் விவரம் அனுப்புகிறார்கள். பல்லாயிரம் நாய்கள். அதில் விஞ்ஞானிகள் கொஞ்சம்தான், மற்றவர்கள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள்.

நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், வீட்டில் எழுபது எண்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை நாகர்கோவிலில் கூடி ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழில் பேசலாம், அப்புறம் மெல்ல ஆய்வுக்கே உதவுகிற கூட்டமாக மாறலாம் என்பது என் எண்ணம். யார் வருவீர்கள், என்ன செய்யலாம், ஏன் கூடாது, மூன்றையும் எழுதுங்கள். நான் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.

குளச்சல் அலை

சார், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் கடற்கரையில் யாரும் நூற்றைம்பது வயது கேட்டு அழவில்லை. "கிடையில கிடக்காம போய்ச் சேரணும்", இதுதான் ஒவ்வொரு கிழவியும் மாதாவிடம் கேட்கிற வரம். பணக்காரன் இருநூறு வருடம் இருந்தால் அவன் வட்டியும் இருநூறு வருடம் ஓடும். அதில் எங்களுக்கு என்ன லாபம்? முதியோர் உதவித்தொகை மாதம் தவறாமல் வருவதற்கு ஒரு சங்கம் வையுங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன்.

ஸ்டெத் அக்கா

குளச்சல் தம்பி, அந்தக் கிழவி கேட்கிற வரம்தான் இந்தத் துறையின் பாதி வேலை. புற்றுநோய், மாரடைப்பு, மறதி நோய், எலும்பு முறிவு, எல்லாவற்றுக்கும் பெரிய காரணியாக இருப்பது வயது. ஒன்றைச் சரிசெய்து அனுப்பினால் இரண்டு வருடத்தில் அதே ஆள் இன்னொன்றோடு வருகிறார், வார்டில் தினமும் பார்க்கிறேன். நோய்களுக்கு அடியில் கிடக்கிற முதுமையையே கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் எல்லாமே சேர்ந்து தள்ளிப்போகுமா என்பதுதான் கேள்வி. முதுமையின் அடிப்படை அடையாளங்கள் என்று 2013-ல் ஒன்பதைப் பட்டியலிட்டார்கள், 2023-ல் அது பன்னிரண்டானது. துறை இன்னும் தடவித் தடவித்தான் நடக்கிறது.

வாத்தியார் சொன்ன "ஆய்வுக்கு உதவுகிற கூட்டம்" என்பதற்கு நாயைவிடப் பொருத்தமான உதாரணம் ஃப்ரேமிங்ஹாம். அமெரிக்காவில் ஒரு சிறு நகரம். 1948-ல் தொடங்கி அங்கே 5,209 பேரைச் சேர்த்து, சில வருடங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டே போனார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ரத்தக்கொதிப்பும் கொலஸ்ட்ராலும் புகைப்பதும் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று டீக்கடையில்கூடச் சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்கள் பொறுமையாகக் கையை நீட்டியதால் தெரிந்தது.

இங்கேயும் இல்லாமல் இல்லை. லாசி என்ற தேசிய முதுமை ஆய்வில் 2017-18-ல் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை மையமாக வைத்து 72,000-க்கும் அதிகமானோரைப் பார்த்தார்கள். பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரா கிராமங்களில் பத்தாயிரம் பேர் என்ற இலக்கோடு வருடக்கணக்கில் தொடர்கிறது. ஸ்ரீநிவாசபுராவால் முடிவது தோவாளைக்கு முடியாதா?

தோஹா மார்த்தாண்டம்

சூப்பர் இழை. ஆனால் கட்டுரை வாசித்து, அளந்து, எழுதி, இதெல்லாம் முடிவதற்குள் நாம் போய்விடுவோம் மக்களே. நானும் இங்கே ரூமில் இருக்கிற நண்பர்களும் என்எம்என் மாத்திரை எடுக்கிறோம். ராபமைசின் ஊரில் மருந்துக்கடையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எச்சில் அனுப்பினால் உடம்பின் உண்மையான வயதைச் சொல்கிற கிட்டும் வந்துவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குழு போட்டு, மொத்தமாக வாங்கி, எல்லாரும் சாப்பிட்டு, முடிவைப் பகிர்ந்தால் அதுவே ஆராய்ச்சிதானே?

மருந்துக்கடை அண்ணாச்சி

தம்பி, கடையில் கிடைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ராபமைசின் ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அந்தத் தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி, அதிலிருந்துதான் மருந்துக்குப் பெயர். நாங்கள் அதை விற்பது சிறுநீரகம் மாற்றிய நோயாளிகளுக்கு. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து அது. வாய்ப்புண் வரும், கொழுப்பு ஏறும், சிலருக்குச் சர்க்கரை ஏறும், காய்ச்சல் வந்தால் சுலபத்தில் விடாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் அதைப் பொறுத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. நாற்பது வயதில் நல்ல உடம்போடு இருக்கிறவருக்கு?

ஆனால் ராபமைசின் எலிகளின் ஆயுளை நீட்டியது என்கிற கதை உண்மைதான். எந்த மருந்து எலிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று பார்க்கிற அமெரிக்க அரசின் ஐடிபி திட்டம் ஒரே சோதனையை மூன்று தனித்தனி ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் செய்யும். ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அவ்வளவு லேசில் நம்ப மாட்டார்கள். 2009-ல் 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது நம் கணக்கில் அறுபதை ஒட்டியவர்களுக்கு, ராபமைசின் கொடுத்தார்கள். பெண் எலிகளின் அதிகபட்ச ஆயுள் 14 சதவீதம் கூடியது, ஆண் எலிகளுக்கு 9. அதே திட்டத்தில் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் தோற்றது. ஊரே சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் தனியாகக் கொடுத்தபோது தெளிவான பலன் காட்டவில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான அகார்போஸ் ஆண் எலிகளின் சராசரி ஆயுளை 22 சதவீதம் நீட்டியது, பெண் எலிகளுக்கு 5 சதவீதம்தான். ஏன் இந்த ஆண் பெண் வித்தியாசம் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. நீங்கள் ரூமில் நாலு ஆம்பிளைகள் சாப்பிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

மெட்ஃபார்மினை மனிதர்களிடம் சோதிக்க டேம் என்று ஒரு திட்டம். 65 முதல் 79 வயது வரை 3,000 பேர், ஆறு வருடம். நீர் பார்ஸிலாய் என்ற மருத்துவர் பல வருடமாக அதற்குப் பணம் தேடுகிறார். காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரை, லாபம் இல்லாததற்கு எந்தக் கம்பெனி காசு போடும்? கூட்டம் சேர்ப்பதானால் இந்த மாதிரி இடத்தில்தான் சேர வேண்டும் என்பேன். கிட்டு வாங்குவதற்குக் கூட்டம் எதற்கு, கொரியர் போதும்.

தோஹா மார்த்தாண்டம்

அண்ணாச்சி வெளுத்துவிட்டீர்கள். சரி, ராபமைசின் வேண்டாம். என்எம்என் வைட்டமின் மாதிரிதானே?

மருந்துக்கடை அண்ணாச்சி

அது உடம்பில் என்ஏடி என்ற, செல்களுக்கு ஆற்றல் கிடைக்க உதவுகிற பொருளாக மாறும். ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். மனிதன் அதனால் கூடுதல் நாள் வாழ்ந்தான் என்று யாரும் காட்டவில்லை. உன் காசு, உன் இஷ்டம். இந்த மாவட்டத்தில் அதைச் சங்கிலி வியாபாரமாக விற்க ஆள் இறங்கியாயிற்று, என் கடைக்கே வந்து ஏஜென்ட் ஆகச் சொன்னார்கள். இந்தக் கூட்டம் உருவானால் முதல் விதி இதுவாக இருக்கட்டும்: எதையாவது விற்கிறவர் உறுப்பினராக முடியாது. நான் உட்பட.

மருந்துவாழ்மலை அடிவாரம்

எல்லாரும் எலி, புழு என்றே பேசுகிறீர்கள். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையில் ஒரு துண்டு விழுந்தது என்று சொல்லப்படுகிற மலை நம் பொத்தையடி பக்கம் நிற்கிறது. உடம்பு மூப்படையாமல் காக்கக் காயகற்பம் என்று ஒரு மருத்துவப் பிரிவையே நம் சித்தர்கள் வைத்திருந்தார்கள். நெல்லி, கடுக்காய், கரிசலாங்கண்ணி எல்லாம் இந்த மண்ணில் இருக்கிறது. வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஈஸ்டர் தீவு மண்ணைத் தோண்டுவானேன்?

ஸ்டெத் அக்கா

தோண்டினதால்தானே ராபமைசின் கிடைத்தது, ஐயா! நம் மலையையும் அதே மாதிரி தோண்டலாம், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதே மாதிரி சோதிக்கவும் வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமினை அண்ணாச்சி சொன்ன அதே ஐடிபி சோதித்தது. எலிகளின் ஆயுள் கூடவில்லை. பச்சைத் தேயிலைச் சாறும் அப்படியே. அதனால் மஞ்சள் கெட்டது என்று ஆகாது, மீன் குழம்பில் தாராளமாகப் போடுங்கள். ஆயுளை நீட்டும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். நெல்லிக்கும் இதே நியாயம்.

பாதரசம், ஈயம் கலந்த பற்பத்தை மட்டும் யாரும் கற்பம் என்று வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகம் போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அருமனைப் பிள்ளை

எங்கள் ஊரில் ஒரு பாட்டா இருக்கிறார், 108 வயது. மரச்சீனிக் கிழங்கு, மீன், கருப்பட்டிக் காப்பி, சின்ன வயதில் அக்கானி, அதாவது பதநீர். ஒரு மாத்திரை கிடையாது. இந்த மாதிரி நூறு தாண்டியவர்களை ஊர் ஊராகத் தேடி என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதினாலே பாதி ரகசியம் வெளியே வந்துவிடும்.

கோட்டாறு பதிவேடு

இதற்கு நான்தான் பதில் எழுத வேண்டும், பங்கு அலுவலகங்களில் பழைய ஏடுகளைப் புரட்டிப் பழக்கப்பட்டவன்.

அருமனைத் தம்பி, பாட்டா நல்லா இருக்கட்டும். ஆனால் 108 என்று யார் சொன்னது? உலகத்தில் சரிபார்க்கப்பட்ட அதிகபட்ச வயது பிரான்ஸின் ழான் கால்மான் அம்மையார், 122 வருடம் 164 நாள், 1997-ல் இறந்தார். அவரையே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசை 2024-ல் வாங்கிய சால் நியூமன் கண்டது இன்னும் சங்கடமானது: அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறையாக வந்ததும் 110 வயதுக்காரர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம் வரை சரிந்தது. அவர்கள் செத்துப்போகவில்லை. முதலிலேயே அந்த வயது இல்லை. பதிவு மோசமாக இருக்கிற, வறுமை உள்ள இடங்களில்தான் நூறு வயதுக்காரர்கள் அதிகம் முளைக்கிறார்கள் என்கிறார். நம் ஊரில் ஆதாரில் ஜனவரி 1 பிறந்தநாள் உள்ள முதியவர்களைக் கைவிட்டு எண்ண முடியாது. உதவித்தொகைக்கு அறுபது ஆக வேண்டும் என்று இரண்டு மூன்று வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் நம்மிடம் பல மாவட்டங்களில் இல்லாத ஒன்று இருக்கிறது. கடற்கரைப் பங்குகளில் திருமுழுக்கு ஏடு, சிஎஸ்ஐ சபைகளில் ஞானஸ்நான ஏடு. குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே எழுதப்பட்டது, எண்பது வருடம் கழித்து ஞாபகத்தில் சொன்னது இல்லை. கத்தோலிக்க ஏட்டில் இன்னொரு வசதி: பின்னால் அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆனால் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பு ஏறும், யாரை, எந்தக் கோவிலில் என்று. ஆக இந்தக் குழந்தைதான் இந்தக் கிழவி என்று கோர்த்துவிடலாம்.

எச்சரிக்கையும் உண்டு. ஒரே வீட்டில் மூத்த குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். பாட்டா பெயர் பேரனுக்கு. கடற்கரையில் ஒரே வருடத்தில் எத்தனை அந்தோணி, எத்தனை மரியாள்! முதலில் கண்ணில் பட்ட பதிவைப் பிடித்துக்கொண்டால் இறந்துபோன அக்காவின் வயது தங்கைக்கு வந்துவிடும். தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், அடுத்து பிறந்தவர்களின் பதிவு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏடு இல்லாத வீடுகளில் ஜாதகம் இருந்தால் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் சம்பவங்களைக் கேளுங்கள். நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க்காரர்கள். "99 வெள்ளத்துக்கு அப்புறம் பிறந்தேன் என்று அம்மை சொல்லுவா" என்றால் அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளம். எல்லாச் சாதியாருக்கும் கோவிலைத் திறந்துவிட்ட கோவில் நுழைவு விளம்பரம் 1936 நவம்பர். அப்போது நடந்து போனாரா, இடுப்பில் இருந்தாரா என்று கேட்டால் இரண்டு மூன்று வருடப் பிசகில் வயதைப் பிடிக்கலாம். இந்த வேலைக்கு லேப் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். நம் கூட்டம் உலகத்துக்குக் கொடுக்கக்கூடிய முதல் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்: சரிபார்த்த வயது.

அருமனைப் பிள்ளை

பாட்டாவிடம் கேட்டேன். கோவில் திறந்துவிட்ட வருடம் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தாராம். அப்படியென்றால் 108 வராதே!

கோட்டாறு பதிவேடு

தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அதுவே பெரிய வயதுதான் தம்பி, குறைவாக எண்ண வேண்டாம்.

பால்வெட்டு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவது. ஒரு சந்தேகம். என்னோடு பால் வெட்டுகிற அறுபத்தைந்து வயது அண்ணனுக்குக் கைப்பிடி இருக்கிறதே, கத்தியைப் பிடுங்க முடியாது. ஆனால் மூட்டு போய்விட்டது, மேட்டில் ஏறும்போது முனகுகிறார். அவர் வயதானவரா, இல்லையா? எதை வைத்து அளப்பீர்கள்?

ஸ்டெத் அக்கா

இழையிலேயே நல்ல கேள்வி இது.

எச்சில் கிட்டு சொல்கிற வயதைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமான அளவுகள் இருக்கின்றன, மலிவாகவும். ஒன்று, கைப்பிடியின் பலம். ஒரு கருவியை அழுத்தினால் எத்தனை கிலோ என்று காட்டும். 2015-ல் வந்த ப்யூர் ஆய்வில் இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பார்த்தார்கள். கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறையில் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் தசை பலவீனம். இதற்காக யாரும் கடையில் ஸ்பிரிங் வாங்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். கைப்பிடி முழு உடம்பின் நிலையைக் காட்டுகிறது, கையை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் அண்ணனுக்குத் தொழிலால் கை பலம், அதனால் அவரிடம் இந்த ஒரு எண்ணை நம்பினால் ஏமாறுவோம்.

அதனால் இரண்டாவது, நடை. ஆறு மீட்டர் இயல்பாக நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பது. நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். மூன்றாவது, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்வது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை போதாது. அண்ணனின் மூட்டு இதில் மாட்டிக்கொள்ளும். வருடம் ஒருமுறை அதே ஆளிடம் அதே மூன்றையும் எடுத்தால், யார் வேகமாக மூப்படைகிறார் என்பது தெரிய ஆரம்பிக்கும். ஒரு தடவை அளப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

குளச்சல் அலை

நான் இன்னும் போகவில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முகாம் போட்டால் நடக்க முடிந்தவர்கள்தான் வருவார்கள். படுத்துக் கிடப்பவர் வரமாட்டார். அப்புறம் உங்கள் கணக்கில் குமரி மாவட்டமே திடகாத்திரமாகத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர், சர்க்கரை பார்க்க வருகிறார்களே, அப்படி வீட்டுக்கு வர முடியுமா?

ஸ்டெத் அக்கா

தம்பி, நீங்கள் எதிர்க்க வந்தவரா, சேர வந்தவரா? சரியான குறையைப் பிடித்துவிட்டீர்கள். வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணல்

எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதனால் கதிர்வீச்சு அதிகம். கதிர்வீச்சால் சீக்கிரம் மூப்பு வரும் என்கிறார்கள், இல்லை அதுவே மருந்து என்றும் ஒருவர் வீடியோ போடுகிறார். எது சரி?

ஸ்டெத் அக்கா

இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. கேரளத்தில் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலில் புதைந்து இளமை தேட வேண்டாம், பயந்து வீட்டை விற்கவும் வேண்டாம்.

தக்கலை கோர்ட்டு

எல்லாரும் கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. அளந்து, எழுதி, பிறகு வெளியிடுவதாக இருந்தால் அது மனிதர்கள் மீதான ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழு ஒப்புதலும் ஒவ்வொருவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். மறதி உள்ளவர்களிடம் கைநாட்டு வாங்கிவிட்டு சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையை அணுகிப் பேசிப்பாருங்கள், பொறுப்பான ஆய்வாளர் ஒருவர் இல்லாமல் தொடங்காதீர்கள். ரத்தம் எடுக்கிற எண்ணம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பெயரும் அளவும் ஒரே ஏட்டில் இருக்கக்கூடாது. தனிநபர் தரவுக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சங்கம் பதிய வேண்டுமானால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும்.

முதுமைக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். அதை வியாபாரமாகச் செய்ய ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் இடம் தரவில்லை.

தோவாளைக்காரன்

நான் நினைத்து வந்தது வாசிப்பு வட்டம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதை வேறொன்றாக மாற்றிவிட்டீர்கள், நல்லதுதான். இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியின் விதி முதலில்: விற்கிறவர் கிடையாது. வாசிப்பு மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனையும் பூசையும் முடிந்த பிறகு. வயது சரிபார்ப்பைக் கோட்டாறு அண்ணன் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும், பங்குத்தந்தைகளிடமும் சபைகளிடமும் அனுமதிக் கடிதம் நான் எழுதுகிறேன். அளவு எடுக்கும் வேலை ஒப்புதல் வந்த பிறகே. தோஹா தம்பிக்கும் வேலை உண்டு: கைப்பிடிக் கருவிக்கு அங்கே உள்ள நம் ஊர்க்காரர்களிடம் வசூல். மாத்திரைக்குப் போகிற காசில் பாதி போதும்.

குளச்சல் தம்பி, உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தருவதையும் அதே வீட்டு வருகையில் சேர்த்துக்கொள்ளலாமா? வயதுச் சான்று எப்படியும் நாம் தேடத்தான் போகிறோம்.

குளச்சல் அலை

அப்படியென்றால் வருகிறேன்.

பால்வெட்டு

நாற்காலி சோதனைக்கு ஒரு விஷயம். எங்கள் வீடுகளில் சிலரிடம் ஸ்டூல், சிலரிடம் தாழ்வான பிளாஸ்டிக் சேர், சிலர் திண்ணையிலேயே இருப்பார்கள். உயரம் மாறினால் எழுந்திருக்கிற நேரமும் மாறுமே?

ஸ்டெத் அக்கா

மாறும். ஒரே நாற்காலியை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் கை வைக்கிற சட்டம் இல்லாதது, உட்காரும் இடம் தரையிலிருந்து சுமார் 43 செ.மீ.

பால்வெட்டு

ஸ்கூட்டரில் கட்டிக்கொள்ளலாம், அது என் பொறுப்பு. இன்னொன்று, விடியுமுன் வெட்டப் போகிறவர்கள் வீட்டுக்கு வரப் பத்து மணி தாண்டும். அந்தக் களைத்த கையால் அழுத்தினால் எண் குறைவாகக் காட்டாதா?

ஸ்டெத் அக்கா

காட்டும். மழை நாளில் வெட்டு இருக்காதே, அன்று வருகிறோம். அடுத்த வருடமும் மழை நாளிலேயே எடுக்க வேண்டும், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டுவிடுகிறேன்.